காத்து வந்த தேதி

வைகாசி பாதி தாண்டினால் அவருக்குத் தூக்கம் லேசாகிவிடும். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரு காது விழித்தே இருக்கும். வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் ஒரு தகரம் உண்டு. அதன் ஆணி கழன்று பல வருடங்கள் ஆகின்றன. மனைவி எத்தனையோ முறை சொல்லியும் அவர் அதைத் திரும்ப அடிக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மழை இறங்கி, கணவாய் வழியாக முதல் காற்று வரும் ராத்திரியில் அந்தத் தகரம் படபடவென்று தட்டும். எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

கொஞ்ச நேரத்தில் சென்னையிலிருந்து மகளின் போன் வரும். காற்றாலைகளைத் தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரில் கண்காணிக்கும் ஒரு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. பாதி நாள் நைட் ஷிஃப்ட்.

“அப்பா, முப்பந்தல்ல ஒம்பது மீட்டர் காட்டுது. காத்து வந்தாச்சு போல.”

“தகரம் சொல்லிட்டு மக்ளே.”

“செகண்டுக்கு ஒம்பது மீட்டர்னு தகரம் சொல்லிச்சாக்கும்?”

“ஒம்பதுன்னுல்லாம் சொல்லாது. ஆனா உன் கம்ப்யூட்டருக்கு முன்னாடி சொல்லும்.”

ஊரில் எல்லோருக்கும் அவர் ‘காத்தாடி அண்ணாச்சி’. சொந்தப் பெயரை ரேஷன் கார்டில்தான் பார்க்க வேண்டும். முப்பந்தல் பக்கம் ஒரு காற்றாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். காவல்கிணறு தாண்டியதும் பேச்சு நின்றுவிடும். குழந்தைகள் எண்ண ஆரம்பித்து நூறைத் தொடுமுன் விட்டுவிடுவார்கள். கண்ணுக்கு எட்டிய வரை காத்தாடிகள். எத்தனையோ சினிமாப் பாட்டுகளுக்குப் பின்னால் சுற்றியவை அவை. சாலையோரத்து இசக்கியம்மன் கோயிலில் லாரிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மூவேந்தரும் கூடிப் பேசிய பந்தல் இருந்த இடம், அதனால் முப்பந்தல் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள்.

ஏன் அங்கே அத்தனை காற்று என்று கேட்டால் அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் குறுக்கி வாயருகே வைத்து ஊதிக் காட்டுவார். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. மலைச்சுவரில் சில இடங்களில்தான் வாசல். பாலக்காடு ஒன்று, செங்கோட்டை ஒன்று, தெற்கே ஆரல்வாய்மொழி ஒன்று. அகலமாக வந்த காற்று அந்த வாசலில் நெருக்கிக்கொண்டு நுழையும்போது வேகம் பிடிக்கிறது. மழையை மேற்கே கொட்டிவிட்டு வெறும் காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. மலைக்கு அந்தப் பக்கம் ரப்பரும் நெல்லும் வாழையும். இந்தப் பக்கம் பனையும் உடைமுள்ளும் புழுதியும்.

அந்தப் புழுதியில்தான் அவருடைய அய்யாவுக்கு ஒரு விளை இருந்தது. ஓரமாகப் பனைகள், மழை பெய்த வருடம் கொள்ளு, பெய்யாத வருடம் ஆடு. ஆசைப்பட்டு ஒருமுறை கிணற்றை நம்பி வாழை வைத்தார். குலை தள்ளும் நேரத்தில் ஆடிக் காற்று வந்தது. ஒரே ராத்திரியில் அத்தனையும் கிழக்கே பார்த்துப் படுத்துவிட்டன. அன்றிலிருந்து அய்யாவுக்குக் காற்று என்றாலே கெட்ட வார்த்தை. ஆடி மாதம் முழுக்க மேற்கே பார்த்துத் திட்டுவார்.

1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் மின்வாரியம் சில காற்றாலைகளை நிறுத்தியது. ஒவ்வொன்றும் 55 கிலோவாட்தான். நாட்டில் முதன்முதலாக மின்தொடருக்குக் கரண்ட் கொடுத்த காற்றாலைகளில் அவையும் உண்டு. அந்தச் சோதனை தேறியதும் தொண்ணூறுகளில் ஆரல்வாய்மொழிப் பக்கம் கார்கள் வர ஆரம்பித்தன. மத்திய அரசு வரிச்சலுகை தந்தது. கோவை, திருப்பூர்ப் பக்கத்து மில்காரர்கள் தங்கள் மில்லுக்கான கரண்டை இங்கே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று வந்தார்கள். புரோக்கர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பத்திரம் பேசினார்கள்.

ஒன்றுக்கும் உதவாத விளைக்கு இத்தனை ரூபாயா என்று அய்யா மலைத்துப்போனார். வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். 1994-ல் கைநாட்டு வைத்தார். இரண்டு கல்யாணமும் கடனில்லாமல் நடந்தன. மகனுக்கு அங்கேயே வேலை போட்டுத் தருவதாகவும் பேச்சு. அதையும் சொன்னபடி செய்தார்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்த இருபத்து நான்கு வயதுப் பையன், 1995-ல் தன் சொந்த விளையில் நின்ற காத்தாடிக்கு உதவியாளனாகச் சேர்ந்தான்.

அது 225 கிலோவாட் இயந்திரம். டென்மார்க் வடிவமைப்பு. அந்த நாட்டுக்காரர்களுக்கு இந்தத் தொழில் புதிதல்ல. 1891-லேயே பால் லா கூர் என்ற பள்ளி ஆசிரியர் அங்கே காற்றிலிருந்து மின்சாரம் எடுத்தார். அவரிடம் படித்த ஜொஹான்னஸ் ஜூல் 1957-ல் கெட்சர் என்ற ஊரில் 200 கிலோவாட் இயந்திரம் ஒன்றை ஓட்டிக் காட்டினார். மூன்று இறக்கை, காற்றைப் பார்த்துத் திரும்பும் தலை, மின்தொடரோடு நேராக இணைந்த ஜெனரேட்டர். முப்பந்தலில் இறங்கிய பழைய காத்தாடிகள் பலவும் அந்த வம்சத்துப் பேரப்பிள்ளைகள்தான்.

முதல் நாள் சீனியர் அவரைக் கம்பிக் கோபுரத்தின் அடியில் நிறுத்தி, “மேல பாக்காத, கீழயும் பாக்காத. முன்னால இருக்க கம்பியைப் பாத்து ஏறு” என்றார். பத்து மாடி உயரம். உச்சியில் நாசெல் என்று சொல்கிற பெட்டி. மேலே ஃபைபர் மூடி. உள்ளே இரண்டு பேர் நெருக்கி நிற்கலாம். இறக்கை நிமிடத்துக்கு நாற்பது சொச்சம் சுற்றுத்தான் சுற்றும். அதைக் கியர்பாக்ஸ் ஆயிரம் சுற்றாக்கி ஜெனரேட்டருக்குக் கொடுக்கும். அங்கிருந்து கேபிள் கீழே இறங்கி, டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி, சப்ஸ்டேஷனுக்குப் போகும். வேலை இவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்தார்.

பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. காற்று விநாடிக்கு நாலு மீட்டரைத் தொட்டால்தான் இயந்திரம் உற்பத்தியைத் தொடங்கும். இருபத்தைந்தைத் தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். காற்று இரண்டு மடங்கானால் அதிலிருக்கும் சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. அதனால்தான் வைகாசியிலிருந்து புரட்டாசி வரையான சில மாதங்களுக்காக வருடம் முழுக்கக் காத்திருக்கிறார்கள். 27 மீட்டர் விட்டத்தில் சுற்றும் அந்த இறக்கைகளின் வட்டத்துக்குள், பத்து மீட்டர் வேகத்தில், ஒரு விநாடிக்கு ஏழு டன் காற்று நுழைந்து போகிறது. இதை மகள் காலேஜில் படிக்கும்போது கணக்குப் போட்டுச் சொன்னாள். அவர் நம்பாமல் இரண்டு தடவை போடச் சொன்னார்.

“அவ்வளவு காத்தையும் கரண்டா மாத்த முடியாதாப்பா. மொத்தத்தையும் பிடிச்சிட்டா காத்து அங்கயே நின்னுரும்லா. பின்னால வாறதுக்கு வழி வேணும். நூத்துக்கு அம்பத்தொம்பதுக்கு மேல யாராலயும் எடுக்க முடியாது. பெட்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர் நூறு வருசத்துக்கு முன்னாடியே கணக்குப் போட்டு வச்சிட்டாரு.”

“நல்ல மனுசன். வாறவனுக்கும் வழி விடணும்லா” என்றார் அவர்.

அய்யா மட்டும் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. நிலத்தை விற்ற பிறகும் தினமும் ஆட்டைப் பற்றிக்கொண்டு அங்கேயே வருவார். வெயில் ஏற ஏற, கோபுரத்தின் மெல்லிய நிழலில் ஆடுகள் வரிசையாகப் படுத்திருக்கும். நிழல் நகர நகர அவையும் நகரும். காத்தாடிதான் மேகத்தை விரட்டுகிறது, அதனால்தான் மழை இல்லை என்று ஊரில் பலரும் சொன்னதை அவரும் நம்பினார். மேகம் இருக்கும் உயரம் எங்கே, பத்து மாடிக் கோபுரம் எங்கே என்று மகன் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. ஒருநாள் சம்பளக் கவரைக் கையில் வாங்கியபோது மெதுவாகச் சொன்னார்:

“காத்த விக்க முடியும்னு தெரிஞ்சிருந்தா மண்ண வித்திருக்க மாட்டேம்லே.”

அதற்கு என்ன பதில் சொல்வதென்று மகனுக்குத் தெரியவில்லை. அய்யா 2007-ல் போய்ச் சேர்ந்தார். நிலத்தை விற்காமல் குத்தகைக்கு மட்டும் கொடுத்திருக்கலாம் என்று ஊரில் பிற்பாடு பேசினார்கள். ஆனால் அன்றைக்கு டீக்கடையில் உட்கார்ந்து அப்படி எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

சீசன் வந்தால் வீடு அவரை மறந்துவிட வேண்டியதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு மிஷின் நின்றால் இரண்டேகாலுக்கு அங்கே இருக்க வேண்டும். நல்ல காற்றில் ஒரு மணி நேரம் நின்றால் இருநூறு யூனிட் போச்சு. சில நாள் மிஷினில் ஒரு குறையும் இருக்காது. காற்றும் அள்ளிக்கொண்டு போகும். ஆனால் மின்தொடரில் அத்தனை கரண்டையும் ஏற்க இடமில்லை, நிறுத்துங்கள் என்று உத்தரவு வரும். அவர் இறக்கையைத் திருப்பி நிறுத்திவிட்டு, சும்மா போகும் காற்றைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார். பந்தி போட்டும் சாப்பிட ஆள் இல்லாத கல்யாண வீடு மாதிரி இருக்கும் என்பார்.

2012-ல் நடந்தது அதைவிட வேடிக்கை. தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு. கண்ணெதிரே நூற்றுக்கணக்கான காத்தாடிகள் சுற்ற, அவற்றின் காலடியில் இருந்த அவர் வீட்டில் மகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தாள்.

“அப்பா, நீங்கதான கரண்டு செய்யிறீங்க. ஒரு வயரு நம்ம வீட்டுக்கு இழுத்துப் போட்டா என்ன?”

அவருக்குச் சிரிப்பும் வந்தது, வலிக்கவும் செய்தது. கரண்ட் என்பது ஆற்றுத் தண்ணீர் மாதிரி, இங்கே விழுந்தது எங்கேயோ போய்ப் பாயும், வீட்டுக்கு வருவது ஈ.பி. கம்பத்து வழியாகத்தான், காற்று ஓய்ந்த மாதங்களில் இந்தக் காத்தாடியே சும்மாதான் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்த மட்டும் விளக்கினார். பத்து வயது கடந்த அந்தப் பெண் கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்போ அதைச் சரிபண்றதுக்கு என்ன படிக்கணும்?” என்றாள். எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்பது அந்த ராத்திரி முடிவானது.

இதையெல்லாம் அவர் யார் கேட்டாலும் சொல்வார். சொல்லாதது ஒன்று உண்டு.

2009 ஆடி மாதம். வேறொரு கம்பெனியிலிருந்து வந்து சேர்ந்து இரண்டு மாதமே ஆன பையன், இருபத்திரண்டு வயது. பகல் பதினொரு மணிக்கு மிஷின் நின்றுவிட்டது. காற்று பதினான்கு மீட்டர். ஆபீஸிலிருந்து போன் மேல் போன். அவர் கீழே நின்றுகொண்டு, “ஏறுடே, காத்து போவுது” என்றார். இடுப்பு வாரிலிருந்து இரண்டு கொக்கிகள் தொங்கும். ஒன்றை மேலே மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும். மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி ஏறினால் பத்து நிமிஷம். கொக்கி போடாமல் ஏறினால் மூன்று நிமிஷம். பையன் மூன்று நிமிஷத்தில் ஏறப் பார்த்தான்.

மூன்றாவது மாடி உயரத்தில் கை வழுக்கியது. கீழே காங்கிரீட்டில் விழாமல் பக்கத்துப் புழுதியில் விழுந்தான். உயிர் தப்பியது. இடுப்பெலும்பு தப்பவில்லை. ஆறு மாதம் படுக்கை. எழுந்தபோது ஒரு கால் இழுத்தது.

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. கொக்கி மாட்டாதது பையனின் தவறு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். ஆனால் அவருக்குத் தெரியும், அந்த ‘ஏறுடே’ தன் வாயிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு பதினைந்து வருடம் அவர் யாரையும் வேகமாக ஏறச் சொன்னதில்லை. கீழே நின்றுகொண்டு, “சத்தம் கேக்கட்டும்” என்பார். கொக்கி மாட்டும் ‘கிளிக்’ சத்தம் கேட்டால்தான் அடுத்த படி. புதிதாக வந்த பையன்கள் அவருக்கு ‘கிளிக் அண்ணாச்சி’ என்று இன்னொரு பெயரும் வைத்தார்கள்.

போன வருடம் சீசன் முடிந்த கையோடு செய்தி வந்தது. பழைய மிஷின்களைக் கழற்றப் போகிறார்கள்.

அது ஒருநாள் வரும் என்று அவர் அறிந்திருந்தார். இருபது வருடத்துக்கென்று செய்த இயந்திரம், முப்பது வருடம் ஓடிவிட்டது. இருப்பதிலேயே நல்ல காற்று வீசும் இடங்களில்தான் முதலில் வந்த சின்ன மிஷின்கள் நிற்கின்றன. இன்றைக்கு வரும் இறக்கை வட்டம் 120 மீட்டர் விட்டம், கோபுரம் 100 மீட்டருக்கு மேல். பழையதைப் போல இருபது மடங்கு பரப்பில் காற்றைப் பிடிக்கும். பத்துப் பழைய காத்தாடி செய்யும் வேலையை ஒன்றே செய்துவிடும். மேலே உயரத்தில் காற்றும் அதிகம், சீராகவும் இருக்கும். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இனி புது இடம் தேடுவதைவிடப் பழைய இடத்தைப் புதுப்பிப்பது நல்லது என்று 2024-ல் மாநில அரசு அதற்கென்றே ஒரு கொள்கையும் கொண்டுவந்தது. இதையெல்லாம் அவருக்கு விளக்கிச் சொன்னதே மகள்தான்.

“நியாயந்தான் மக்ளே” என்றார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

வேலை போகாது என்றார்கள். ஸ்டோரில் உட்கார வைப்பார்கள். ஏறுகிற வேலை மட்டும் கிடையாது. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. மெடிக்கல் செக்கப்புக்குப் போகும் காலையில் மட்டும் மாத்திரையைச் சரியாகப் போட்டுக்கொண்டு இரண்டு வருடமாகத் தப்பித்துவந்தார். மனைவி வாய் தவறி மகளிடம் சொல்லிவிட்டாள்.

கழற்றுவதற்கு முந்தின வாரம், கடைசியாக ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சைட்டில் இருந்த பையன்கள் எல்லாம் அவர் வளர்த்தவர்கள். “நீங்க ஏறுங்க அண்ணாச்சி, நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம்” என்றார்கள். ஹார்னஸை மாட்டி வாரை இழுத்துக் கட்டியபோது மகள் போன் செய்தாள். பின்னணியில் இரும்புச் சத்தம் கேட்டு அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அப்பா, ஏறப் போறீங்களா?”

பதில் இல்லை.

“நான் ஏறாதீங்கன்னு சொல்லல. உங்க டிரெயினிங்ல பசங்களுக்கு என்ன சொல்லுவீங்கன்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க. ஆத்திர அவசரத்துக்கு ஒரு விதி, ஆசைக்கு ஒரு விதின்னு கிடையாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க.”

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கொக்கியைக் கழற்றும் சத்தம். ஹார்னஸை மடித்துப் பையனிடம் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தார்.

தை மாதம், காற்று ஓய்ந்த ஒரு காலையில் கிரேன் வந்தது. மகள் லீவ் போட்டு முந்தின ராத்திரியே ரயிலேறியிருந்தாள். ஊரிலிருந்து பத்து இருபது பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். டீ கொண்டுவந்தவன் ஒரு காலை இழுத்து நடந்தான். விழுந்த பையன்தான். இப்போது ஹைவேயில் சொந்தமாக டீக்கடை வைத்திருக்கிறான். அவருக்கு முதல் கிளாஸை நீட்டி, “சீனி கம்மி அண்ணாச்சி” என்றான். அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

முதலில் மூன்று இறக்கைகளும் ஹப்போடு சேர்ந்து இறங்கின. தூரத்திலிருந்து பார்த்தால் கிலுகிலுப்பை மாதிரி இருந்த இறக்கை தரையில் கிடந்தபோது பதின்மூன்று மீட்டர் நீளம். பிறகு நாசெல். கயிற்றில் லேசாகச் சுழன்றுகொண்டே இறங்கி, அய்யா கொள்ளு விதைத்த மண்ணில் உட்கார்ந்தது. முப்பது வருடமாக அவர் ஏறிப் போய்ப் பார்த்தது, முதல் தடவையாக அவரைத் தேடி இறங்கி வந்திருந்தது.

சைட் இன்ஜினீயரிடம் கேட்டுவிட்டு மகள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கிரீஸ் வாடை. கியர்பாக்ஸ் மேல் முப்பது வருட எண்ணெய்க் கறை. அவள் செல்போன் வெளிச்சத்தை மேலே அடித்தாள். ஃபைபர் மூடியின் உட்பக்கம் வரிவரியாகப் பெயின்ட் மார்க்கரில் எழுத்து. அப்பாவின் சாய்ந்த கையெழுத்து.

ஒவ்வொரு வரியும் ஒரு தேதி. ஒவ்வொரு வருடமும் காற்று வந்த தேதி. முதல் வரி 1995. கடைசி வரி 2024. நடுவில் ஒன்றையும் விடவில்லை. சில வரிகளில் தேதிக்குப் பக்கத்தில் இரண்டொரு சொற்கள்.

1999: காத்து வந்தாச்சு. பாப்பாவுக்கு மூணு மாசம்.

2007: காத்து வந்தாச்சு. அய்யா இல்ல.

2009-ல் தேதி மட்டும். அதன் கீழே, வேறு நாளில் வேறு மையில்: அவசரப்படுத்தக் கூடாது.

2012: ஊர்ல கரண்டு இல்ல. பாப்பா இன்ஜினீயர் ஆவாளாம்.

2020: ரோட்டுல ஒரு வண்டி இல்ல. காத்துக்கு ஊரடங்கு கிடையாது.

அவள் வெளியே வர நேரமானது. வந்தபோது கண் சிவந்திருந்தது. கிரீஸ் காந்தல் என்றாள்.

“இதுக்குத்தான் ஏறணும்னு நெனச்சீங்களாப்பா?”

“ஒரு தடவை பாத்துட்டு வந்துரலாம்னுதான்.”

“ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல? எங்க ஆபீஸ்ல பத்து வருச டேட்டாதான் இருக்கு. நீங்க முப்பது வருசம் எழுதி வச்சிருக்கீங்க.”

“டேட்டான்னு தெரியாதே மக்ளே. காத்து வந்துட்டுன்னு யார்ட்டயாவது சொல்லணும் போல இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல உக்காந்து யார்ட்ட சொல்ல? எழுதிப் போட்டேன்.”

சாயந்திரம் காயலான் வண்டி வந்தது. கோபுரத்து இரும்புக்கு ஒரு விலை, ஜெனரேட்டர் செம்புக்கு ஒரு விலை. ஃபைபரை மட்டும் யாரும் சீண்டவில்லை. உருக்கவும் முடியாது, மட்கவும் செய்யாது. உலகம் முழுக்கக் காற்றாலைக்காரர்களுக்கு அந்தத் தலைவலி இருக்கிறது என்று மகள் சொன்னாள். இறக்கையை என்ன செய்வதென்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். சைட் இன்ஜினீயர் சிரித்துக்கொண்டே, “அண்ணாச்சி, மூடி வேணும்னா எடுத்துக்கிடுங்க. எங்களுக்கு ஒரு பாரம் குறையும்” என்றார். எழுத்து இருந்த பக்கத்தை மட்டும் அறுத்தார்கள். டீக்கடைக்காரன் தன் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டில் இறக்கினான்.

விளையில் இப்போது காங்கிரீட் மேடை மட்டும் இருக்கிறது. புதிய காத்தாடி கொஞ்சம் தள்ளி வரப்போகிறது. அதன் நிழல் நீளமானது. ஆடுகளுக்கு நல்லது என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பயிற்சிக்கு வரும் பையன்களுக்குக் கொக்கி மாட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலையையும் ஸ்டோரோடு சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த வைகாசியில் ஒரு ராத்திரி தகரம் தட்டியது. மனைவி புரண்டு படுத்து, “ஏங்க, அந்த ஆணியை இனியாவது அடிச்சுத் தொலைங்களேன். இனி உங்களுக்கு என்ன காத்து?” என்றாள்.

அவர் எழுந்து சாய்ப்புக்குப் போனார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஃபைபர் பலகையின் முன் குனிந்தார். லைட்டைப் போட்டார். கரண்ட் இருந்தது. போன் அடித்தபோது அவர் கையில் மார்க்கர் இருந்தது.

“அப்பா, காத்து...”

“எழுதியாச்சு மக்ளே.”